நைரோபியின் சிங்கங்களும் நம் கண்களும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவிற்கு என்னை அழைத்த செயலாளர் அவர்கள், "இம்முறை சங்க இலக்கியம் வேண்டாம், நீங்கள் ஆப்பிரிக்கா போய் வந்தீர்களாமே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். ஆப்பிரிக்கா என்பது ஒரு நாடன்று. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளைக் கொண்ட ஒரு கண்டம். அதில் நான் கண்டது கென்யாவின் தலைநகராகிய நைரோபியை மட்டுமே, அதுவும் பதினாறு நாள்கள். அங்குப் பணி நிமித்தம் வாழும் என் தம்பி வீட்டிற்குக் கோடை விடுமுறையில் சென்றிருந்தேன். பதினாறு நாளில் ஒரு நகரத்தை அறிந்துவிட்டதாகப் பேசுவது தகாது. ஆயினும் அந்நகரத்தில் நான் செய்த ஒரு பிழை என்னை இன்னும் விட்டபாடில்லை. அதைச் சொல்லவும், அதன்பின் படித்தும் கேட்டும் நான் அறிந்தவற்றைப் பகிரவுமே இவ்வுரை.

நைரோபி என்னும் பெயர், மாசாய் மக்களின் மொழியில் 'குளிர்ந்த நீர்' எனப் பொருள்படும் தொடரிலிருந்து வந்தது. 1899ஆம் ஆண்டில், மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து உள்நாட்டிற்கு இருப்புப்பாதை அமைத்த ஆங்கிலேயர், சதுப்பு நிலமொன்றின் கரையில் ஒரு கூடாரப் பாசறை அமைத்தனர். பாதையமைக்க உழைத்தவர்களுள் பெரும்பாலோர் பஞ்சாப் முதலிய பகுதிகளிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட இந்தியத் தொழிலாளர்கள். அந்தப் பாசறைதான் இன்று, 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 44 இலட்சத்தை ஒட்டிய மக்கள் வாழும் மாநகரம். அம்மாநகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தொலைவில் நைரோபி தேசியப் பூங்கா இருக்கின்றது. பூங்கா என்றவுடன் நம் நகராட்சிப் பூங்காவை நினைத்துவிட வேண்டா. 117 சதுர கிலோமீட்டர்ப் புல்வெளியும் ஆற்றோரக் காடும். அங்கே சிங்கமும் சிறுத்தையும் காண்டாமிருகமும் ஒட்டகச்சிவிங்கியும் காட்டெருமையும் கட்டின்றி வாழ்கின்றன. ஒட்டகச்சிவிங்கி ஒன்று தலையை உயர்த்தி வேலமர இலையைப் பறிக்கும்போது, அதன் கழுத்துக்குப் பின்னே வங்கிகளின் அடுக்குமாடிகள் தெரிகின்றன. இக்காட்சியைப் படத்தில் பலமுறை கண்டிருந்தேன். நேரில் கண்டபோது எனக்கு வியப்பைக் காட்டிலும் ஒருவகைக் கூச்சமே தோன்றியது. அடுத்தவர் வீட்டு முற்றத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பது போன்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை மறுநாளே நான் இழந்தேன் என்பதுதான் கதை.

சபாரி என்னும் சொல்லை நாம் அறிவோம். சுவாகிலி மொழியில் அதற்குப் பயணம் என்றே பொருள். அரபு மொழியின் 'சபர்' அங்குச் சென்று சபாரி ஆயிற்று. அதே சொல் நம் கடற்கரை ஊர்களின் இசுலாமியத் தமிழரிடையே சபர் என்றே வழங்கி, கடல் கடந்து பொருளீட்டச் செல்பவரைச் சபராளி என்று அழைக்கவும் ஆயிற்று. ஆனால் ஐரோப்பியர் வாயில் அச்சொல் வேட்டைப் பயணம் என்று பொருள் மாறியது. 1909ஆம் ஆண்டில், அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தம் மகனுடன் நைரோபிக்குத் தென்கிழக்கே உள்ள கபிடிச் சமவெளியிலிருந்து தொடங்கிய பயணத்தில் அவ்விருவரும் வீழ்த்திய விலங்குகள் 500-க்கு மேற்பட்டவை. 1977ஆம் ஆண்டில் கென்யா வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கி இருந்த கையில் புகைப்படக் கருவி வந்தது. சபாரி என்றால் காணச் செல்லுதல் என்றாயிற்று. (சிங்கத்திற்கு அவர்கள் மொழியில் 'சிம்பா' என்று பெயர். இதைக் கேட்டதும் என் தம்பி, "பார்த்தாயா அக்கா, நம் சொல்!" என்று துள்ளினான். ஒலி ஒப்புமை ஒன்றைக் கொண்டே உறவு கொண்டாடுவது மொழிநூலார்க்கு அழகன்று என்று அவனை அடக்கினேன்.)

துப்பாக்கி போய்ப் புகைப்படக் கருவி வந்துவிட்டதால் விலங்குக்குத் துன்பம் நீங்கிவிட்டது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். பார்ப்பதால் என்ன குறைந்துவிடும்? கண் படுவதால் கல் கரையுமா?

அன்று காலை ஆறு மணிக்குப் பூங்காவின் வாயில் திறந்தவுடன் உள்ளே சென்றோம். மே மாதம், அங்கே நீண்ட மழைக்காலத்தின் இறுதி. புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. மேற்கூரை திறக்கும் வேன் ஒன்றில் தம்பி, அவன் மனைவி, இரு குழந்தைகள், நான். ஓட்டுநர் முப்பது வயது மதிக்கத்தக்க இளைஞர். அவர் என்னை 'மாமா' என்று அழைத்தார். முதலில் திடுக்கிட்டேன். சுவாகிலியில் மாமா என்றால் அம்மா. வயதில் மூத்த பெண்களை மரியாதையோடு விளிக்கும் சொல் அது என்று தம்பி விளக்கினான்.

அரைமணி நேரத்தில் ஓட்டுநரின் கைப்பேசி ஒலித்தது. வேறொரு வண்டிக்காரர் சிங்கத்தைக் கண்டு இவருக்குச் சொல்லியிருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நான்கு வண்டிகள் அங்கே நின்றன. புல்லுக்குள்ளே ஒரு பெண்சிங்கம் வயிறு தரையில் படப் பதுங்கியிருந்தது. காதுகள் மட்டும் தெரிந்தன. அதற்கப்பால் கொங்கோனி என்று அங்கே அழைக்கப்படும் நீள்முக மான்கள் ஏழெட்டு மேய்ந்துகொண்டிருந்தன. நாங்கள் ஐந்தாவது வண்டி. முன்னே நின்ற வண்டி எங்கள் பார்வையை மறைத்தது. "கொஞ்சம் முன்னே போனால் நன்றாகத் தெரியுமே" என்றேன். "பாதையை விட்டு இறங்கக்கூடாது மாமா, விதி அப்படி" என்றார் ஓட்டுநர். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "இவ்வளவு தொலைவு கடந்து வந்திருக்கிறோம், குழந்தைகள் இருக்கிறார்கள், நீங்கள் பார்த்துச் செய்யுங்கள், நானும் பார்த்துச் செய்கிறேன்" என்றேன். நம் நாட்டு அலுவலகங்களில் கேட்டுப் பழகிய சொற்றொடர். எந்த மொழியில் சொன்னாலும் எவருக்கும் விளங்குகிறது.

அவர் பிற ஓட்டுநர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு வண்டியைப் புல்லில் இறக்கினார். முப்பதடி போயிருப்போம். அந்நிலம் கரிசல், நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் போலவே மழையில் குழைந்து கிடக்கும் கறுப்பு மண். பின்சக்கரம் புதைந்தது. வெளியேற்ற அவர் இயந்திரத்தை முடுக்க, அது காடதிர உறுமியது. மான்கள் தலைதூக்கின, ஒன்று சீறியது, அடுத்த கணம் வெளியே புல் மட்டும் இருந்தது. சிங்கம் எழுந்தது. அது ஓடவில்லை, எங்களை நோக்கிச் சீறவுமில்லை. சிறிதுநேரம் மான்கள் போன திசையைப் பார்த்துவிட்டு, எங்களுக்குப் பக்கவாட்டில் நடந்து சென்றது. அருமையான படங்கள் கிடைத்தன. குழந்தைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

திரும்பும் வழியில் ஓட்டுநர் ஒன்றும் பேசவில்லை. நானே, "என்ன, களைப்பா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அது குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய், மாமா. மடியைப் பார்த்தீர்களா? இருட்டிலிருந்தே அங்கே காத்திருந்திருக்கும்" என்றார். அவ்வளவுதான். இறங்கும்போது நான் கொடுத்த பணத்தை அவர் எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான் எடுத்த படத்தில் அந்த மடி தெளிவாகத் தெரிகிறது.

அன்பர்களே, வனக்காவலர் கண்டிருந்தால் தண்டனை எனக்கில்லை, அவருக்கு. அவர் உரிமம் போயிருக்கலாம். விதியை மீறியது அவர் கை; மீறச் சொன்னது என் வாய்; சொல்ல வைத்தது என் பை. சுற்றுலா ஓட்டுநர்களின் வருவாயில் பயணிகள் மகிழ்ந்து கொடுப்பதும் ஒரு பங்கு. பயணி எதைக் கண்டு மகிழ்கிறார் என்பதைப் பொறுத்தே அவர்கள் வண்டி எங்கே நிற்கும் என்பது முடிவாகிறது. எனவே ஓட்டுநர்களைக் குறை சொல்லும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு உடன்பாடு எழுவதில்லை.

அந்தப் பூங்காவின் விதிகளைப் பிறகுதான் முறையாகப் படித்தேன். விலங்கிலிருந்து குறைந்தது 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டலாகாது. ஒதுக்கப்பட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கலாகாது. பாதையை விட்டு வண்டி விலகலாகாது. ஓசை எழுப்பலாகாது, உணவிடலாகாது. 2020ஆம் ஆண்டு சூன் 5 முதல், கென்யாவின் காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிக் குடிநீர்ப் புட்டிகளையும் கொண்டு செல்லலாகாது. இவற்றை வாயிலில் பலகையில் காணும்போது 'புல்லை மிதிக்காதீர்' வகை அறிவிப்பாகவே தோன்றும். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு காரணம் உண்டு.

பாதை விலகாமை என்பதை எடுத்துக்கொள்வோம். ஆள்காட்டி, வானம்பாடி போன்ற பறவைகள் தரையிலேயே முட்டையிடுவன. சக்கரத்தின் கீழ் என்ன இருக்கிறதென்று வண்டியில் இருப்பவருக்குத் தெரியாது. கரிசலில் ஒருமுறை பதிந்த சக்கரத் தடம் காய்ந்தால் கல்லாகும், மழையில் வாய்க்காலாகும், அடுத்து வரும் வண்டிக்காரருக்கு அது பாதையாகவே தோன்றும். ஓசையின்மையும் அவ்வாறே. காண்டாமிருகத்திற்குப் பார்வை மங்கல். செவியும் மோப்பமுமே அதன் காவல். நாம் கூச்சலிடும்போது அதன் காவலைக் குலைக்கிறோம். அப்பூங்கா காண்டாமிருகக் காப்பகமும் ஆதலால், இன்னொன்றும் சொல்ல வேண்டும். காண்டாமிருகத்தைப் படமெடுத்து, எடுத்த இடத்தையும் நேரத்தையும் சேர்த்து ஊரறியப் பகிர்வோர் உளர். கொம்புக்காகக் கொல்வோரும் அப்படத்தைப் பார்ப்பார்கள். இடம் சொல்லாமல் பகிர்வதே முறை.

உணவிடலைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஏனெனில் அதை நாம் புண்ணியம் என்று எண்ணுகிறோம். பூங்காவிற்குள் நீர்யானைக் குளம் என்ற இடத்தில் ஆயுதமேந்திய காவலர் துணையுடன் ஆற்றோரம் நடக்கலாம். அங்கே வண்டிகள் நிற்குமிடத்தில் சிறு குரங்குகள் காத்திருக்கின்றன. ஒரு பயணியின் கையிலிருந்து வாழைப்பழத்தை ஒன்று பறித்தது; கூட்டம் சிரித்தது. யாரோ ஒருவர் முன்பு அன்போடு கொடுத்ததன் விளைவுதான் இந்தப் பறிப்பு. கொடுத்தவர் ஊருக்குப் போய்விட்டார். பறிக்கக் கற்ற குரங்கு அடுத்து ஒரு குழந்தையைக் கடிக்கும். கடித்தபின் அதற்குக் 'கேடு செய்யும் விலங்கு' என்று பெயர் வரும். அப்பெயர் பெற்ற விலங்கு எந்த நாட்டிலும் நெடுநாள் வாழ்வதில்லை.

அப்படியாயின் இலங்காட்டாவில் உள்ள ஒட்டகச்சிவிங்கி மையத்தில் பார்வையாளர் கையாலேயே தீனி கொடுக்கிறார்களே என்று கேட்கலாம். என் தம்பி மகளும் அதையே கேட்டாள். அது 1979இல் தொடங்கப்பட்டது. ராத்சைல்டு வகை ஒட்டகச்சிவிங்கிகளை வளர்த்துப் பெருக்கவும், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் அமைந்தது. கொடுக்கும் தீனி அவர்களே அளந்து தருவது. அங்கும் அந்த நெடிய விலங்கு, விளையாட்டுக் காட்டி ஏய்ப்போரைத் தலையால் முட்டித் தள்ளிவிடும் என்று எச்சரிக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

செயலாளர் சங்க இலக்கியம் வேண்டாம் என்றார். ஒன்றே ஒன்றை மட்டும் பொறுத்தருள வேண்டும். அகநானூற்றின் நான்காம் பாட்டு. குறுங்குடி மருதனார் பாடியது. கார்காலத்தில் தலைவியைக் காணத் தேரேறி விரைந்து வருகிறான் தலைவன். வழியெங்கும் பூக்களில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள். தேர்மணியின் ஓசை அவற்றைக் கலக்கிவிடுமே என்று அஞ்சி, மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறானாம். இதை முல்லைத் திணையின் மென்மைக்கு எடுத்துக்காட்டாக இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவருகிறேன். தேர்வுத்தாளில் ஐந்து மதிப்பெண் வினாவாகவும் கேட்டிருக்கிறேன். அவன் அவ்வழியில் வந்தது வண்டுகளைப் பார்ப்பதற்காகவும் அன்று. பார்ப்பதற்கென்றே போன நான், இயந்திரத்தை முடுக்கச் சொன்னேன்.

இனி, பூங்காவின் வேலிக்கு வெளியே செல்வோம். உண்மையில் சிக்கலின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

1946ஆம் ஆண்டின் இறுதியில் அப்பூங்கா அறிவிக்கப்பட்டது. கென்யாவின் முதல் தேசியப் பூங்கா அது. அதற்காக உழைத்தவர் மெர்வின் கோவி என்பவர். அவர் கையாண்ட உத்தி சுவையானது. 'பழைய குடியேறி' என்ற புனைபெயரில் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதி, எல்லா விலங்குகளையும் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டொழித்துவிட வேண்டும் என்று வாதிட்டார். படித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள், அக்கொதிப்பே பூங்காவாயிற்று. ஆனால் அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த மாசாய் மக்களுக்கு அதன்பின் அங்கே இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விலங்குகளோடு ஒட்டி வாழ்ந்தவர் வெளியே; காணக் கட்டணம் கொடுப்பவர் உள்ளே.

பூங்காவின் வடக்கு, கிழக்கு, மேற்கு எல்லைகளில் வேலி உண்டு. தெற்கில் இம்பகாத்தி ஆறே எல்லை. அப்பால் கிட்டெங்கேலாச் சமவெளி. மழை பெய்து எங்கும் புல் வளர்ந்தால் வரிக்குதிரைகளும் மாட்டுமான்களும் ஆற்றைக் கடந்து அச்சமவெளிக்குப் போகும். வறட்சியில் நீர் தேடிப் பூங்காவிற்குத் திரும்பும். அவற்றின் பின்னே சிங்கமும் போகும். 117 சதுர கிலோமீட்டர் அவற்றிற்குப் போதாது. அந்தத் திறந்த தென்திசைதான் பூங்காவின் மூச்சுக்குழல். ஆனால் அச்சமவெளி இன்று மனைகளாகவும் கல்குவாரிகளாகவும் வேலிகளாகவும் துண்டுபடுகிறது. நகரம் வளர்கிறது, நிலத்தின் விலை ஏறுகிறது, விற்பவரை எப்படிக் குற்றம் சொல்வது? 2000ஆம் ஆண்டு முதல், நிலத்தை வேலியிடாமலும் விற்காமலும் வைத்திருக்கும் மாசாய்க் குடும்பங்களுக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு நான்கு டாலர் என்ற அளவில் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று நடைபெற்றது. நான்கு டாலர்! நாங்கள் அன்று காலை வேனில் கொண்டுபோன சிற்றுண்டியின் விலை அதைவிட மிகுதி.

சிங்கம் ஒரு மாட்டைக் கொன்றால் இழப்பு அக்குடும்பத்திற்கு. 2012ஆம் ஆண்டு சூன் மாதம், ஆடுகளைக் கொன்ற ஆறு சிங்கங்களைக் கிட்டெங்கேலாப் பகுதி மக்கள் ஈட்டியால் குத்திக் கொன்றனர். அச்செய்தியைப் படித்துக் கண்ணீர் விட்டவர் உலகெங்கும் பலர். அவர்களுள் எவருக்கும் ஆட்டுப்பட்டி இல்லை. அதே பகுதியில் ரிச்சர்டு துரேரே என்னும் மாசாய்ச் சிறுவன், தந்தையின் மாடுகளைக் காக்கும் பொறுப்பில் இருந்தான். சோளக்கொல்லைப் பொம்மை நட்டானாம். முதல்நாள் வந்த சிங்கம் அதைப் பார்த்துத் திரும்பிவிட்டது. இரண்டாம் நாள், பொம்மை அசையவில்லை என்று கண்டுகொண்டு மாட்டைத் தின்றது. பிறகு ஓர் இரவு கைவிளக்கோடு பட்டியைச் சுற்றி நடந்தபோது, அசையும் ஒளிக்குச் சிங்கம் அஞ்சுவதைக் கவனித்தான். பழைய கார் மின்கலம், சூரியத் தகடு, மோட்டார் சைக்கிளின் திசைகாட்டும் விளக்குப் பெட்டி, உடைந்த கைவிளக்கின் குமிழ்கள் ஆகியவற்றைக் கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக மின்னி அணையும் விளக்குவரிசை ஒன்றைப் பட்டியைச் சுற்றி அமைத்தான். அப்போது அவனுக்கு வயது 11. அவ்விளக்கு வேறு பல பட்டிகளுக்கும் பரவியது. 2013இல் உலக அரங்கொன்றில் அவன் அதைப் பற்றி உரையாற்றினான். சிங்கத்தை நன்றாகப் பார்த்தவர் யார் என்று என்னைக் கேட்டால், வேனில் இருந்த எங்களைச் சொல்ல மாட்டேன்.

2016ஆம் ஆண்டு மார்ச்சு 30 அன்று நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிடரி மயிரின் தோற்றத்தால் 'மோஹாக்' என்று நைரோபி மக்கள் பெயரிட்டு அழைத்த ஆண்சிங்கம், திறந்த தென்னெல்லை வழியே வெளியேறி, வெகு தொலைவில் உள்ள இசின்யா என்னும் ஊர்ப்பக்கம் போய்விட்டது. காலையில் மக்கள் கண்டார்கள். செய்தி பரவியது. மோட்டார் சைக்கிள்களிலும் கால்நடையாகவும் பெருங்கூட்டம் சேர்ந்தது. ஈட்டியோடு வந்த வேட்டைக் கூட்டமன்று அது. பார்க்க வந்த கூட்டம். கைப்பேசியை உயர்த்திப் படமெடுத்தார்கள், கூவினார்கள், ஒலிப்பானை அடித்தார்கள். போக வழியின்றிச் சுற்றி வளைக்கப்பட்ட சிங்கம் ஒருவர் மேல் பாய்ந்து காயப்படுத்தியது. மயக்க ஊசி செலுத்தும் குழு வந்து சேருமுன், அங்கிருந்த வனக்காவலர்கள் அதைச் சுட்டுக் கொன்றார்கள். நாடே கொதித்தது, காவலர்களைப் பலர் ஏசினர். மனித உயிர்க்கு இடர் வந்தபின் அவர்கள் வேறென்ன செய்திருக்கக் கூடும் என்பதைத் தொலைவிலிருந்து தீர்ப்புரைக்க நான் துணியேன். ஆனால் அக்கூட்டம் அன்று பாதி கலைந்திருந்தாலும் அச்சிங்கத்திற்குப் போக ஒரு வழி இருந்திருக்கும்.

அடுத்த மாதம், ஏப்ரல் 30 அன்று, அதே பூங்காவில் 105 டன் யானைத் தந்தத்தைக் குவித்து அரசு எரியூட்டியது. 1989இல் அதிபர் மோய் 12 டன் தந்தத்தை எரித்ததும் அங்கேதான். கள்ளச்சந்தைக்கு எதிரான உறுதிமொழி அது. 2019இல் அதே பூங்காவின் மேலே, ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளத்திற்குத் தூண்களின் மீது புதிய இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்டது. விலங்குகள் தூண்களுக்கிடையே கடந்து போகின்றன. பழகிவிட்டன என்கிறார்கள் சிலர். பழகாமல் அவை என்ன செய்யும்?

குற்றங்களையே அடுக்குகிறேன் என்று எண்ண வேண்டா. நல்ல முறையில் காண்பதற்கும் அந்நகரில் இடங்கள் உண்டு. பூங்காவின் ஒரு பகுதியில், தாயை இழந்த யானைக் கன்றுகளை வளர்க்கும் செல்ட்ரிக் அறக்கட்டளை உள்ளது. 1977இல் டாப்னி செல்ட்ரிக் அம்மையார் நிறுவியது. மாட்டுப்பாலின் கொழுப்பு யானைக் கன்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் கன்றுகள் இறந்துகொண்டிருந்தன. பற்பல ஆண்டு முயற்சிக்குப்பின் அவர் கண்ட மாற்று, தேங்காய் எண்ணெய் சேர்த்த பால். (கேட்டதும் எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது, தென்னைக்கும் எனக்கும் அதில் என்ன பங்கு!) கன்றுகளோடு பராமரிப்பவர்களும் இரவில் அதே கொட்டிலில் உறங்குகிறார்கள். பொதுமக்கள் முன்பதிவு செய்து, பகல் பதினொரு மணிமுதல் ஒரு மணிநேரம் மட்டுமே காணலாம். கயிற்றுக்கு இப்பால் நின்று பார்த்தோம். ஒரு மணிநேரம் முடிந்ததும் கன்றுகள் காட்டுக்குள் அழைத்துச் செல்லப்பட்டன. "இன்னும் பத்து நிமிடம்" என்று கெஞ்சிய ஒருவரைப் பணியாளர் புன்னகையோடு மறுத்தார். வளர்ந்த கன்றுகள் பிறகு சாவோக் காட்டில் காட்டுயானைகளோடு சேர வேண்டியவை. மனிதர் முகம் அவற்றிற்கு மிகுதியாகப் பழகக்கூடாது.

நகரின் வடபுறத்தில் கரூராக் காடு, சுமார் 1,000 எக்டேர். 1990களின் இறுதியில் அதைக் கூறுபோட்டுக் கட்டடம் எழுப்ப முயன்றபோது எதிர்த்து நின்றவர் வங்காரி மாத்தாய். 1999 சனவரியில் மரக்கன்று நடச் சென்றபோது தாக்கப்பட்டுத் தலையில் காயமுற்றார். 2004இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று அக்காட்டில் குடும்பங்கள் நடக்கின்றன. கிளைகளில் குரங்குகள் தாவுகின்றன. நாய் கொண்டுவருவோர் கயிற்றில் பிடித்துத்தான் வரவேண்டும். கட்டணமே இல்லாத காட்சியும் உண்டு: மொம்பாசாச் சாலையோர வேலமரங்களில் கூடுகட்டும் மராபு நாரைகள். வழுக்கைத் தலை, தொங்கும் கழுத்துப்பை, குப்பைமேட்டில் இரை. கீழே நடப்போர் தலையைக் காத்துக்கொள்ளக் கற்றிருக்கிறார்கள்.

1971ஆம் ஆண்டிலிருந்து நைரோபியில் புதன்கிழமை காலைதோறும் பறவை காணும் நடை ஒன்று நடந்துவருகிறது. ஃப்ளூர் ங்வெனோ என்னும் அம்மையார் நெடுங்காலம் வழிநடத்தியது. ஒரு புதன்கிழமை நானும் சேர்ந்துகொண்டேன். எல்லோரும் மெல்ல நடந்தார்கள், மெல்லப் பேசினார்கள். அருகே நெருங்க எவரும் முண்டியடிக்கவில்லை, தொலைநோக்கியைக் கைமாற்றினார்கள். கூட்டிலிருந்த பறவை ஒன்று குரலெழுப்பியதும் அனைவரும் பின்வாங்கியதைக் கண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. அவர்களுக்கு அது இயல்பாக இருந்தது.

ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு, தம்பியிடம் சொல்லி அதே ஓட்டுநரை வரவழைத்து மீண்டும் பூங்காவிற்குச் சென்றேன். இம்முறை நான் மட்டும். "எங்கே போகலாம் மாமா?" என்றார். "உங்களுக்கு எங்கே நிற்கத் தோன்றுகிறதோ அங்கே" என்றேன். ஓர் ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தார். முக்கால் மணிநேரம் இருந்தோம். சிங்கம் வரவில்லை. இரண்டு பன்றிகள் வாலை நிமிர்த்திக்கொண்டு கடந்தன. அவர் தம் ஊரைப் பற்றியும் தம் மகளின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றியும் பேசினார். அன்று நான் சொன்னதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையசைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது அந்த இடத்தைக் கடந்தோம். பாதையிலிருந்து புல்லுக்குள் இரண்டு தடங்கள் முப்பதடி போய் நின்றன. அவற்றில் மழைநீர் தேங்கியிருந்தது. எங்களுக்குப் பின் வேறொரு வண்டியும் அதே தடத்தில் இறங்கி ஏறியிருந்தது.